நைட் ட்யூட்டி பாத்துட்டு ஓடறவங்க யாராச்சும் இருக்கீங்களா? (நர்ஸுங்க தான்னு இல்ல, எல்லாரும் வாங்க)

ஐசியூ_தஞ்சை
எல்லாருக்கும் வணக்கம். தஞ்சாவூர்ல ஒரு தனியார் ஆஸ்பத்திரி ஐசியூல ஸ்டாஃப் நர்ஸா இருக்கேன், பேரு வேணாம். கொஞ்ச நாளா புது ஆத்தங்கரையில (கல்லணைக் கால்வாய்தான்) ஓடறேன். ஓடறேன்னா பெரிய ஓட்டம் இல்ல, கொஞ்சம் ஓடி கொஞ்சம் நடந்து மறுபடி ஓடறது. ஏன் எழுதறேன்னா எங்க ஆஸ்பத்திரில போன மாசம் வீக்லி ஆஃப் அன்னிக்கு எல்லாரையும் வரச்சொல்லி ‘ரெசிலியன்ஸ்’னு (கஷ்டத்த தாங்கிக்கற மனபலமாம்) ஒரு கிளாஸ் எடுத்தாங்க, ஏசி ஹால்ல உக்கார வச்சு, மூச்ச இழுங்க விடுங்க, பாசிட்டிவா யோசிங்க, தினமும் வாக்கிங் ஜாகிங் போங்க, உங்கள நீங்க பாத்துக்கிட்டாதான் பேஷண்ட பாத்துக்க முடியும்னு ஸ்லைடு ஸ்லைடா ஓட்டுனாங்க. அதே வாரம் ரெண்டு சிஸ்டர் வேலைய விட்டுப் போனாங்க, அந்த எடத்துக்கு இன்னும் ஆள் போடல. ஆஃபும் போச்சு.

ஆனா ஓடறது நெஜமாவே எனக்கு உதவுது, அதான் கோவம் இன்னும் அதிகமா வருது. ஐசியூல இருக்கவங்களுக்கு தெரியும், வென்டிலேட்டர் அலாரம், இன்ஃப்யூஷன் பம்ப் அலாரம், மானிட்டர்ல ஆக்ஸிஜன் சாச்சுரேஷன் எறங்கினா அதுக்கு ஒரு சத்தம், இது எல்லாம் ட்யூட்டி முடிஞ்சாலும் காதுக்குள்ள ஓடிட்டே இருக்கும். வீட்டுல குக்கர் விசில் அடிச்சா கூட கை தானா எங்கயோ சைலன்ஸ் பட்டன தேடும். கரையில ஓட ஆரம்பிச்சு கொஞ்ச தூரம் போனதும் மூச்சு வாங்கற சத்தமும் சரளைக் கல்லுல செருப்பு, சாரி ஷூ உரசற சத்தமும்தான் கேக்கும், அலாரம் நின்னுடும். எப்ப நின்னுச்சுன்னே தெரியாது. அந்த நேரத்துல யாரும் என்னைய சிஸ்டர்னு கூப்புட மாட்டாங்க.

என் கேள்வி ரெண்டு. ஒன்னு, நைட் முடிச்சுட்டு வர்ற அன்னிக்கு ஓடலாமா கூடாதா. ரெண்டாவது கேள்வி கூட இல்ல, ஒரு நியாயம், ஓட்டம் எனக்கு வேணும், ஆனா ஆள் பத்தாததுக்கு பதிலா அத எனக்கு மருந்துச் சீட்டு மாதிரி எழுதிக் குடுக்கக் கூடாது. சரியா தப்பா சொல்லுங்க.

தொகுப்பூதிய_சிஸ்டர்
ஏங்க வார்டுல நாம ஓடாத ஓட்டமா? நான் திருவாரூர் பக்கம் அரசு ஆஸ்பத்திரி. நர்சிங் கவுன்சில் கணக்குப்படி டீச்சிங் ஆஸ்பத்திரில 3 பேஷண்டுக்கு ஒரு நர்ஸ், சாதா ஆஸ்பத்திரில 5 பேருக்கு ஒருத்தர், அதுக்கு மேல லீவுல போறவங்களுக்கு 30 சதவீதம் ரிசர்வ் வேற. படிக்கறப்ப பரீட்சைல எழுதி மார்க் வாங்கினோம், அவ்ளோதான் அதுக்கு உபயோகம். நைட்ல ஒரு வார்டு முழுக்க ஒருத்தி, கட்டில்ல பாதி தரையில பாதி. ஒருத்தருக்கு டிரிப் ஏத்திட்டு திரும்பறதுக்குள்ள அந்தப் பக்கம் பேஷண்ட் கூட இருக்க அட்டெண்டர் சத்தம் போடுவாரு. காலைல அடுத்த ஷிப்ட்டு ஆளுகிட்ட பொறுப்ப ஒப்படைச்சு ஓவர் குடுத்துட்டு பஸ் ஏறி உக்காந்தா கால் ரெண்டும் வீங்கி செருப்பு வார் பதிஞ்சு கெடக்கும். இதுல ஓடணுமாம்.

கோவமா சொல்லலங்க, உங்க மேல இல்ல. உங்க ரெண்டாவது பாயிண்டுக்கு நூறு கும்பிடு.

டெல்டா_பிசியோ
தொகுப்பூதிய சிஸ்டர் கேட்டது எல்லா நர்ஸும் கேக்கற கேள்வி, அதனால கொஞ்சம் நீளமா சொல்றேன் பொறுத்துக்கங்க. வார்டுல நடக்கறது வேற, ஓடறது வேற. வார்டுல நாலு எட்டு நடப்பீங்க நிப்பீங்க குனிவீங்க ஆள தூக்குவீங்க, மறுபடி நிப்பீங்க. இதயத்துடிப்பு நல்லா ஏறி ஒரு அளவுல கொஞ்ச நேரம் நிக்கறதே இல்ல, ஆனா நாள் முழுக்க லேசா ஏறியே இருக்கும், ரத்த அழுத்தமும் அப்படித்தான், நடுவுல உடம்பு தேறிக்க நேரம் கெடைக்காது. இத டென்மார்க்காரங்க ரொம்ப வருஷமா பாத்துட்டு இருக்காங்க. கோபன்ஹேகன்ல ஒரு லட்சத்துக்கு மேல ஆளுங்கள சுமார் 10 வருஷம் தொடர்ந்து பாத்து 2021ல வெளியிட்டாங்க, ஓய்வு நேரத்துல உடம்ப அசைக்கறவங்களுக்கு இதய நோய் கொறையுது, வேலையில கடுமையா அசையறவங்களுக்கு கூடுது. ஒரே உடம்பு, ஒரே காலு, ஆனா பலன் தலைகீழ். அதனால ‘நான்தான் நாள் பூரா நடக்கறேனே’ங்கறது கணக்குல வராது, அதே மாதிரி ‘நடக்கறீங்கல்ல ஓடவும் செய்யுங்க’ன்னு சொல்ற மேனேஜ்மெண்டும் பாதியத்தான் சொல்லுது, ஏன்னா மீதிப் பாதி ஓய்வு. அது அவங்க கையில இருக்கு.

உலக சுகாதார நிறுவனம் 2020ல சொன்ன அளவு வாரத்துக்கு 150லேந்து 300 நிமிஷம் மிதமான பயிற்சி, இல்ல 75லேந்து 150 நிமிஷம் மூச்சு வாங்கற பயிற்சி. 75 நிமிஷம்னா வாரத்துல மூணு நாள் 25 நிமிஷம். அதுக்கு கொறஞ்சாலும் ஒன்னும் இல்லாததுக்கு எவ்வளவோ மேல்.

பூதலூர்_பிரதர்
நானும் ஸ்டாஃப் நர்ஸ்தான்க்கா, கேசுவால்டி, அவசர சிகிச்சைப் பிரிவு. ஆம்பள நர்ஸுன்னா ஸ்ட்ரெச்சர் தள்ளறதும் குடிகாரன புடிக்கறதும் நம்ம தலையிலதான். புதுசா ஆரம்பிக்கறவங்களுக்கு ஒன்னு ரெண்டு சொல்றேன். மொதல்ல ஹீமோகுளோபின் பாத்துருங்க. நம்ம ஸ்டேட்லயே 15லேந்து 49 வயசு பொம்பளைங்கள்ல பாதிக்கு மேல ரத்தசோகைன்னு தேசிய குடும்பநல சர்வே சொல்லுது, 12க்கு கீழ இருந்தா ஓட்டம் சுகமா இருக்காது, மூச்சு முட்டும், அப்ப நமக்கு ஓட்டம் ஒத்துக்கலன்னு நெனச்சு விட்டுருவாங்க. ஊருக்கெல்லாம் அயர்ன் மாத்திரை குடுக்கறது நாம, நம்ம ரத்தத்த பாக்கறது கெடையாது.

அடுத்து வேகம். பக்கத்துல ஒருத்தர் இருந்தா முழு வாக்கியமா பேச முடியணும், பேச முடியலன்னா வேகம் ஜாஸ்தி. தனியா ஓடறவங்க மருந்து பேரு வரிசையா சொல்லிப் பாருங்க, அட்ரினலின் அட்ரோபின் அமியோடரோன்னு, நடுவுல மூச்சு வாங்கினா நடங்க. ஒரு நிமிஷம் ஓடி ரெண்டு நிமிஷம் நடந்தா கூட போதும், ஆரம்பத்துல அதான் சரி. ஜெஃப் காலோவேன்னு 1972 ஒலிம்பிக்ல 10,000 மீட்டர் ஓடுன அமெரிக்கக்காரர் இந்த ஓட்டம் நடை ஓட்டம் முறையதான் உலகம் பூரா சொல்லிக் குடுத்தாரு, அதனால நடக்கறது கேவலம்னு நெனைக்காதீங்க.

கும்மோணம்_மாமி
மருமக நர்ஸு, அதனால படிச்சேன். முட்டி தேஞ்சுடாதா? நாப்பது வயசுல முட்டி வலின்னு உக்காந்துட்டா பிள்ளைங்கள யார் பாக்கறது.

டெல்டா_பிசியோ
மாமி, இத கேக்காத வீடே இல்ல. 2017ல நெறைய ஆராய்ச்சிகள சேத்து பாத்தாங்க. உடம்புக்காக சாதாரணமா ஓடறவங்கள்ல மூட்டுத் தேய்மானம் 3.5 சதவீதம், ஓடாம உக்காந்தே இருக்கவங்கள்ல 10.2 சதவீதம். போட்டிக்குன்னு வெறித்தனமா ஓடறவங்களுக்குதான் 13.3. உங்க மருமக முதல் வகை. ஏற்கனவே முட்டில அடி பட்டிருந்தாலோ வீக்கம் இருந்தாலோ மட்டும் காட்டிட்டு ஆரம்பிக்கட்டும். நர்ஸுங்களுக்கு முட்டிய விட இடுப்பும் குதிகாலும்தான் தொல்லை, காலைல எந்திரிச்சு மொத அடி வச்சதும் குதிகால்ல குத்தினா அன்னிக்கு ஓடாதீங்க.

கும்மோணம்_மாமி
சரிப்பா. மகாமக கொளத்த சுத்தி நடக்கறா இப்ப. ஓடறதுன்னா யாராச்சும் பாத்து கேக்கறாங்களாம், என்னம்மா எதாச்சும் அவசரமான்னு. 😄

குடவாசல்_எஸ்என்
அக்கா இதான் மேட்டர், இத யாருமே பேசல. எங்க ஊர்ல பொம்பள ஓடினா ஒன்னு பஸ்ஸுக்கு ஓடணும் இல்ல வீட்டுல யாரோ செத்துருக்கணும். நான் சுடிதார் மேல ஒரு பெரிய சட்டை போட்டுட்டு ஓடறேன், துப்பட்டா குறுக்க கட்டிக்குவேன். டீக்கடைல மொத வாரம் எல்லாரும் பாத்தாங்க, அப்பறம் ஒரு பெரியவரு ‘நம்ம ஆஸ்பத்திரி சிஸ்டரு, சுகர் வராம இருக்க ஓடுது’ன்னு அவராவே ஒரு காரணம் சொல்லி எல்லாருக்கும் புரிய வச்சுட்டாரு, அதுலேந்து பிரச்சனை இல்ல. எனக்கு சுகர்லாம் இல்ல. இருந்தாலும் நான் மறுக்கல.

நாய்தான் எனக்கு பயம். வாய்க்கால் பாலம் பக்கத்துல ஒரு கும்பல் இருக்கு. ஓடாம நின்னு, கண்ண பாக்காம மெதுவா நடந்தா விட்டுடுது. கடிச்சுட்டா தெரியும்ல, 15 நிமிஷம் சோப்பு போட்டு ஓடற தண்ணில கழுவி நேரா வந்து ஏஆர்வி, அதான் வெறிநாய்க்கடி தடுப்பூசி, 0, 3, 7, 28ன்னு நாலு நாள். தெனம் நாம போடற ஊசி, நமக்கே போட வேண்டாம். அப்பறம் ஆத்தங்கரை வரப்பு ஓரம் ஓடறவங்க இருட்டுல டார்ச் இல்லாம போகாதீங்க, விரியன் கெடக்கும், நடவு முடிஞ்ச வயல் பக்கம் எலி ஜாஸ்தி, எலி இருந்தா அதுவும் இருக்கும்.

மன்னை_மைந்தன்
எடம் கேக்கறவங்களுக்கு: மன்னார்குடில ஹரித்ரா நதி கரை, தெப்பக்குளம்தான் ஆனா பெருசுங்கறதால நதின்னே பேரு, காலைல நெறைய பேர் நடப்பாங்க, பொம்பளைங்களும் ஜாஸ்தி. திருவாரூர்ல கமலாலயம். தஞ்சாவூர்ல அன்னை சத்யா ஸ்டேடியம். கரையில ஓடறவங்க ஐப்பசி கார்த்திகைல மழ பெஞ்சா கால வச்சுராதீங்க, களிமண்ணு, சறுக்கினா நேரா ஆறு. தை மாசி அறுப்பு சமயத்துல ரோட்டுல நெல்லு காய வச்சிருப்பாங்க வைக்கோல் கெடக்கும், அதுலயும் வழுக்கும், மிதிச்சா திட்டும் விழும். கவர்மெண்டு 2023 நவம்பர்ல ‘நடப்போம் நலம் பெறுவோம்’னு ஆரம்பிச்சு மாவட்டத்துக்கு ஒரு 8 கிலோமீட்டர் பாதை அறிவிச்சாங்கல்ல, அதையும் விசாரிங்க. அப்ப சுகாதார அமைச்சரா இருந்த மா.சுப்பிரமணியனே மாரத்தான் ஓடறவரு.

தொகுப்பூதிய_சிஸ்டர்
எடம்லாம் இருக்கு சார், நேரத்துக்கும் ஒரு பாதை போட சொல்லுங்க.

நாகை_பெரிய_சிஸ்டர்
நான் ரிட்டயர்டு. இந்த ரெசிலியன்ஸ்ங்கற பேச்ச படிச்சதும் எழுதணும்னு தோணுச்சு. 2004 டிசம்பர் 26 நான் ட்யூட்டில இருந்தேன், நாகப்பட்டினத்துல. அத விவரமா எழுத மாட்டேன். வராண்டா பூரா ஈர மணலு, அத கூட்டக் கூட்ட வந்துட்டே இருந்துச்சு, ஒவ்வொருத்தர தூக்கிட்டு வரும்போதும் மணலும் கூட வரும். அப்பறம் 2018 நவம்பர் 16 கஜா. வேதாரண்யம் பக்கம் கரை ஏறுச்சு, கரண்ட் இல்ல, தண்ணி இல்ல, ட்யூட்டிக்கு வர்ற பொண்ணுங்க விழுந்து கெடந்த மரத்த தாண்டித் தாண்டி வந்துச்சுங்க, பாதிப் பேரு வீட்டுல கூரையே இல்ல. ரெண்டு தடவையும் எங்கள தேவதைன்னு சொன்னாங்க. ரெண்டு தடவையும் பொங்கல் வந்ததும் மறந்துட்டாங்க.

எங்கள தாங்கிப் புடிச்சது என்னன்னு கேட்டா, ட்யூட்டி ரூம். ஓவர் குடுத்ததும் ஓடிறாம கொஞ்ச நேரம் உக்காந்து பேசுவோம், யாராச்சும் அழுவா, யாராச்சும் டீ வாங்கிட்டு வருவா. இப்ப உள்ள பிள்ளைங்க ஓவர் குடுத்ததும் போன பாத்துட்டே கெளம்பிடுதுங்க, தப்பு சொல்லல, பஸ்ஸு போயிடும். ஓடறதுன்னா தனியா ஓடாதீங்கம்மா, கூட ஒரு சிஸ்டர சேத்துக்கங்க. பேசிக்கிட்டே ஓடற வேகம்தான் சரின்னு அந்த தம்பியும் சொல்லுதுல்ல, அப்ப பேசறதுக்கு ஒரு ஆளு வேணும்ல.

ஐசியூ_தஞ்சை
அம்மா உங்கள படிச்சுட்டு ரொம்ப நேரம் பதில் போட முடியல. நன்றி. ஆனா ஒன்னு சொல்லட்டா, எனக்கு தனியா ஓடறதுதான் புடிச்சிருக்கு. நாள் பூரா யாரோ ஒருத்தர் கூட இருக்காங்க, பேஷண்டு, அட்டெண்டர், டாக்டரு, வீட்டுக்கு வந்தா பிள்ளைங்க. அந்த அர மணி நேரம் யாருக்கும் பதில் சொல்லாம இருக்கணும்னுதான் போறதே. வாரத்துல ஒரு நாள் வேணா சேந்து ஓடறேன்.

நாகை_பெரிய_சிஸ்டர்
அதுவும் நியாயந்தான் கண்ணு.

டெல்டா_பிசியோ
நைட் ட்யூட்டி கேள்விக்கு வர்றேன், அத விட்டுட்டேன். நைட் முடிச்சுட்டு வர்ற அன்னிக்கு காலைல ஓடாதீங்க. தூக்கம்தான் மொதல்ல. ராத்திரி ஷிப்ட் வேலைய உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பே 2007ல ‘புற்றுநோய் உண்டாக்க வாய்ப்பு அதிகம்’ங்கற 2ஏ பட்டியல்ல வச்சாங்க, 2019ல மறுபடி பாத்தும் அதையே சொன்னாங்க. பயமுறுத்த சொல்லல, தூக்கத்த திருடி ஓடினா லாபம் இல்லன்னு சொல்ல வர்றேன். ஓவர் குடுத்துட்டு வந்ததும் நல்ல வெயில்ல நின்னா, ஓடி உடம்பு சூடேறினா, மூளை இது காலைன்னு முடிவு பண்ணிடும், அப்பறம் படுத்தா தூக்கம் வராது. நேரா வீட்டுக்கு வாங்க, ஏதாச்சும் லேசா சாப்புடுங்க, சன்னல மூடிட்டு படுங்க. சாயங்காலம் எந்திரிச்சு அஞ்சு அஞ்சரைக்கு ஓடுங்க, அன்னிக்கு நைட் இருந்தா இன்னும் நல்லது, தெம்பா போவீங்க. தொடர்ச்சியா நைட் வர்ற வாரத்துல ஓட்டத்த கொறச்சுக்கங்க, நைட் ஆஃப் அன்னிக்கு நடை போதும். தண்ணி விஷயத்துல நம்ம ஊருக்கு ஒன்னு, இங்க ஈரப்பதம் ஜாஸ்தி, வேர்வை காயாது, உடம்பு சூடு தணியாது. சித்திரை வைகாசில காலைல ஆறரைக்கு மேல ஓடறது தேவையில்லாத வேலை. நீராகாரம் உப்பு போட்டு ஒரு சொம்பு குடிச்சா எந்த பாட்டில் பானமும் தேவையில்ல.

பூதலூர்_பிரதர்
இதுக்கு நடுவுல ஒன்னு சொல்லிடறேன். பர்ன்அவுட்டுக்கு, அதான் வேலையில மனசும் உடம்பும் ஓஞ்சு போறதுக்கு, உலக சுகாதார நிறுவனம் 2019ல குடுத்த விளக்கத்த தேடி படிங்க, அது நோய்ன்னே சொல்லல, வேலை எடத்து அழுத்தம் சரியா கையாளப்படாததால வர்றதுன்னு சொல்லுது. வேலை எடம்னு எழுதியிருக்காங்க. அத பிரிண்ட் எடுத்து அந்த ஹால்ல ஒட்டணும். ஆனா ஓடியும் தூங்கியும் மனசு எறங்கிட்டே போகுது, பேஷண்ட பாத்தாலே ஒன்னும் தோணல, ட்யூட்டிக்கு கெளம்பும்போது அழுக வருது, வாழவே புடிக்கலன்னா ஓட்டத்த நம்பிட்டு இருக்காதீங்க. 14416ன்னு டெலி மானஸ், அரசாங்கத்தோட மனநல உதவி நம்பர், எந்த நேரமும் எடுப்பாங்க, தமிழ்லயே பேசலாம், காசு கெடையாது. எங்க ஃப்ரெண்டு ஒருத்தன் நல்லா ஓடுவான், மெடல்லாம் வச்சிருக்கான், அவனும் கூப்ட்டான்.

தொகுப்பூதிய_சிஸ்டர்
சரி, மொத்தமா படிச்சேன். நான் எறங்கி வர்றேன்னு நெனைக்காதீங்க, ஆள் போடணும்ங்கறதுல எனக்கு மாத்தமே இல்ல, சங்கத்துல கூட்டம் போட்டா மொத ஆளா நிப்பேன். ஆனா பிசியோ சார் சொன்ன அந்த கோபன்ஹேகன் விஷயம் உறுத்துது. வேலைல நடக்கறது என் இதயத்துக்கு கணக்குல வரலன்னா, அந்த நடைய மொத்தமா ஆஸ்பத்திரிக்கு குடுத்துட்டு எனக்குன்னு ஒன்னும் வச்சுக்கலன்னு ஆகுது. அது மட்டும் கடுப்பா இருக்கு. ஷூ என்ன வெலைல வாங்கறது? ட்யூட்டிக்கு போடற வெள்ள ஷூ போதுமா?

குடவாசல்_எஸ்என்
வெள்ள ஷூவ போட்டு ஓடாதீங்கக்கா, அடிப்பாகம் தட்டையா இருக்கும், குதிகால் போயிடும். அத போட்டுட்டு வார்டு கிருமிய வீட்டுக்கு வேற எடுத்துட்டு வரணுமா. பிராண்டு பாக்காதீங்க, சாயங்காலம் கால் வீங்கினப்பறம் கடைக்கு போயி போட்டு பாருங்க, கட்டை விரலுக்கு முன்னாடி ஒரு விரல் அகலம் எடம் இருக்கணும். ஷூவ விட முக்கியம் ஸ்போர்ட்ஸ் பிரா, அத யாரும் சொல்ல மாட்டாங்க, ஆம்பளைங்க இருக்காங்கன்னு நானும் இவ்ளோ நேரம் சொல்லல, நல்லதா ஒன்னு வாங்கிடுங்க, அதுல மிச்சம் புடிக்காதீங்க.

ஐசியூ_தஞ்சை
வர்ற ஞாயித்துக்கிழமை யாராச்சும் தஞ்சாவூர் வர்றீங்களா? காலைல அஞ்சரை, ஸ்டேடியம் வாசல். பேசற வேகம்தான், நாகை அம்மா வந்தா நடை.

தொகுப்பூதிய_சிஸ்டர்
சனிக்கிழமை நைட் எனக்கு. பிசியோ சார் தூங்க சொல்லிட்டாரே.

பூதலூர்_பிரதர்
அப்ப அடுத்த ஞாயிறு வச்சுக்கலாம்க்கா. ட்யூட்டி லிஸ்ட் வெள்ளிக்கிழமை போடுவாங்க, பாத்துட்டு சொல்றேன்.